காதும் காசும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

எங்கள் பெரியப்பாவை ஊரில் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'ரேடியோ செட்காரர்' என்றால் சிறுபிள்ளைகூட வீட்டைக் காட்டும். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் முன்பெல்லாம் அவருடைய கூம்புக் குழாய் தென்னை மரத்தில் ஏறிவிடும். (இப்போது பல இடங்களில் காவல் நிலையத்தில் கூம்புக்கு அனுமதி தருவதில்லை; பெட்டிதான்.) குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் காற்று பாட்டை எந்தத் தெருவுக்குக் கொண்டு போகும் என்பதை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து அவருக்கு வயர் இழுத்துக் கொடுத்தவன் நான். ஆகவே ஒலியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. சென்ற ஆண்டு அந்தக் கர்வத்துக்கு விழுந்த அடியைத்தான் எழுத வந்தேன்.

முதலாம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும், நகரத்தில் ஒலிக்கருவிகள் விற்கும் ஒரு கடையில் மாலை நேர வேலைக்குச் சேர்ந்தேன். பேருந்துச் செலவுக்கும் புத்தகச் செலவுக்கும் அந்தச் சம்பளம் போதும். கடைக்கு வருகிறவர்களை ஒரு மாதத்திலேயே வகை பிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

முதல் வகை, அதிர்ச்சிப் பிரியர்கள். பாட்டு காதில் விழ வேண்டும் என்பதில்லை. நெஞ்செலும்பில் இடிக்க வேண்டும். வண்டிக் கண்ணாடி நடுங்கினால் 'சூப்பர்ண்ணே' என்று பணத்தை எண்ணிவிடுவார்கள். இவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கேட்பது கிடைக்கிறது, கிடைத்தது கண்ணுக்கே தெரிகிறது!

அடுத்தவர்கள் வாட் கணக்குக்காரர்கள். அட்டைப் பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 5000 வாட்' என்று அச்சிட்டிருந்தால் போதும். ஒருநாள் அப்படிப்பட்ட பெட்டி ஒன்றின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கினால் 36 வாட். முப்பத்தாறு உள்ளே போய் ஐயாயிரம் வெளியே வருமானால் ஆற்றல் அழியா விதியை நம் பேராசிரியர்கள் திரும்பப் பெற வேண்டியதுதான்.

பிறகு இசைத்தட்டு அன்பர்கள். 'டிஜிட்டல் என்றால் உயிரில்லை தம்பி' என்பார்கள். 1982-இல் வந்த குறுந்தகடு நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கிறது. அது 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குப் போதும். மனிதக் காதின் எல்லையோ 20,000. அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர்க்கு 15,000-க்கு மேல் கேட்பதே அரிது. 2022-இல் அமெரிக்காவில் நடந்த வேடிக்கை ஒன்று உண்டு. 'மொபைல் ஃபிடெலிட்டி' என்ற நிறுவனத்தின் விலையுயர்ந்த இசைத்தட்டுகளைக் கலப்பில்லாத அனலாக் என்று ரசிகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 2011 முதலே அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் நடுவே டிஜிட்டல் படி ஒன்று இருந்தது அந்த ஆண்டில் அம்பலமாயிற்று. அதுவரை ஒரு காதும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

நிற்க. நான் சொல்ல வந்தது கடைசி வகையைப் பற்றி. அவர்கள் வயரை நம்புகிறவர்கள்.

எங்கள் கடைக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு பெரியவர் வருவார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் 'சார்' என்போம். 'ஜானி' (1980) படத்தில் எஸ். ஜானகி பாடிய பாடலைத்தான் எந்தக் கருவியிலும் முதலில் போடச் சொல்வார். நான் சேர்ந்த இரண்டாம் மாதம் 12,000 ரூபாய் விலையுள்ள ஸ்பீக்கர் வயர் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ பிசிக்ஸ் படிக்கிறவன். நிஜமாவே வித்தியாசம் இருக்கா?" என்றார்.

முதலாளி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கு சார். ஜானகியம்மா மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது," என்றேன். சும்மா சொல்லவில்லை, செய்தும் காட்டினேன். விலை கூடியதைப் போடும்போது ஒலிக்குமிழை ஒரு நூல் கூட்டிவைக்க வேண்டும் என்பது கடையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கொஞ்சம் உரக்கக் கேட்பது கொஞ்சம் இனிமையாகவும் கேட்கும். காதின் இயல்பு அது. சார் வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் பருவத்தில் மின்தடை எண் சோதனையை ஆய்வகத்தில் செய்தபோது அந்த வயர் நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், போக வர 10 மீட்டர் என்றால் மின்தடை ஏறக்குறைய 0.07 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். இதனால் குறையும் ஒலி 0.07 டெசிபெல் அளவுதான். ஒரு டெசிபெல் மாற்றத்தையே கூர்ந்து கேட்டால்தான் காது கண்டுகொள்ளும். சில நூறு ரூபாய் வயரில் குறைவது இவ்வளவு என்றால், 12,000 ரூபாய் வயர் எதை மீட்டுத் தரும்? அன்று வழிமுறையைத் தவறாக எழுதி, ஆசிரியையிடம் திட்டு வாங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை சார் 45,000 ரூபாய் வயரைக் கையில் எடுத்து நீவிக்கொண்டிருந்தார். என் மூன்றாண்டுக் கல்லூரிக் கட்டணத்தை அந்தப் பணத்தில் பல முறை கட்டலாம். முதலாளி வெளியே போயிருந்தார். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, "சார், வாங்கறதுக்கு முன்னால வீட்டுல ஒரு சோதனை செஞ்சு பார்த்துடலாமா?" என்றேன்.

ஞாயிறன்று போனேன். ஒரு பலகையில் இருவழிச் சுவிட்சுகளைப் பொருத்தி, ஒரு பக்கம் அவருடைய 12,000 ரூபாய் வயர், மறுபக்கம் வயரிங் வயர். நடுவில் போர்வைத் திரை. காசு சுண்டி, பூ விழுந்தால் இது, தலை விழுந்தால் அது என்று இருபது முறை. ஒலிக்குமிழை யாரும் தொடவில்லை. சார் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு முறையும் உறுதியாகவே சொன்னார். சரியாக இருந்தவை பதினொன்று. காசு சுண்டியே விடை சொல்லியிருந்தாலும் பத்து வந்திருக்கும்.

அவர் காதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2007-இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் கழகத்தின் இதழில் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வும் இப்படித்தான் முடிந்தது. உயர்தரப் பதிவு ஒன்று. அதையே குறுந்தகட்டின் அளவுக்குக் குறைத்தது மற்றொன்று. மறைத்துவைத்துக் கேட்கச் செய்தார்கள். 554 முறையில் 276 முறைதான் விடை சரி. அதில் கலந்துகொண்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழில் தெரிந்தவர்களும் உண்டு.

ஆனால் இதையெல்லாம் அன்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. சார் தாளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அன்னிக்கு மூச்சு கேக்குதுன்னு சொன்னியே தம்பி?" என்றார்.

"பொய் சார்," என்றேன். குமிழைத் திருகியதையும் சொன்னேன்.

அவர் கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "காபி சாப்பிட்டுப் போ" என்றார். அந்தக் காபி தொண்டையில் இறங்க மறுத்தது.

செய்தி எப்படியோ கடைக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை முதலாளி கணக்குத் தீர்த்துக் கொடுத்து, "நீ படிக்கிற பையன். படிப்பைப் பாரு," என்றார். வீட்டில் அம்மாவிடம் தேர்வு நெருங்குவதால் நின்றுவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். இந்த மலர் வீட்டுக்குப் போகும்போது தெரிந்துவிடும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தங்கை படித்துக் காட்டிவிடுவாள்.

வேலை போன வேகத்தில் எனக்கு எல்லோரையும் சோதிக்கும் வெறி பிடித்தது. பெரியப்பா முப்பது வருடமாக வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். நான் அசெம்பிள் செய்து கொடுத்த புதிய செட்டைத் தொடமாட்டார். "இதுல இருக்கிற சாரீரம் அதுல இல்லடா" என்பார். இன்னொரு மூடநம்பிக்கை என்று முடிவுகட்டி, அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். ஒலியளவை மீட்டரால் சமப்படுத்தி, காசு சுண்டிப் பத்து முறை.

ஒன்பது சரி!

குருட்டாம்போக்கில் ஒன்பதோ அதற்கு மேலோ வருவதற்கு வாய்ப்பு 1024-இல் 11. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். "பெரியப்பா, பாட்டுல என்னதான் வித்தியாசம் கேட்டுச்சு?" என்றேன்.

"பாட்டை யாருடா கேட்டா? பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே பழசு 'ம்ம்'னு ஒரு மூச்சு விடும். புதுசு ஊமையாக் கெடக்கும்."

உள்ளே திறந்து பார்த்தேன். மின்தேக்கிகள் காய்ந்து உப்பியிருந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் திருத்தும்போது மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் இரைச்சலை அவை வடிகட்டாமல் விட்டிருக்கின்றன. தவறிய அந்த ஒரு முறை, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. புதிய மின்தேக்கி போட்டுத் தரவா என்று கேட்டேன். "கை வச்சே, தெரியும் சேதி," என்றார்.

சென்ற மாதம் பேருந்து நிலையத்தில் சாரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். 45,000 ரூபாய் வயரை அவர் வாங்கவில்லையாம். அறையின் வெற்றுச் சுவர் எதிரொலிக்கிறது என்று ஒரு புத்தக அலமாரி செய்து வைத்தாராம். பாட்டு இப்போது தெளிவாக இருக்கிறது என்றார். அது உண்மையாகவே இருக்கும்.

"அந்தப் பழைய வயர், சார்?" என்று தயங்கிக் கேட்டேன்.

"அதேதான் மாட்டியிருக்கேன். பன்னிரண்டாயிரம் குடுத்ததை எதுக்குக் கழட்டணும்?" என்று சொல்லிவிட்டு, என் பேருந்துக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்.