சிம் லிம் டவரில் படித்த பாடம்

லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் இறங்கி, சிராங்கூன் சாலையைக் கடந்து டன்லப் ஸ்திரீட்டுக்குள் நுழைந்தால் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் வரும். அதன் முகப்பில் 25 கதிர்கள் கொண்ட ஒரு சூரியன். ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர். அதைப் பார்த்தபடி நேரே நடந்தால் ஜாலான் புசார். வலப்பக்கம் திரும்பிச் சில நிமிடங்கள் நடந்தால் சிம் லிம் டவர். பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளில் எனக்கு நன்கு பழகிப்போன வழி இது. கடைசித் தேர்வு முடிந்த மறுநாளும் கால்கள் அங்கேதான் சென்றன.

‘சிம் லிம்’ என்றதும் பலருக்கு கணினியும் கைத்தொலைபேசியும் விற்கும் சிம் லிம் ஸ்குவேர்தான் நினைவுக்கு வரும். டவர் வேறு உலகம். சின்னச் சின்னக் கடைகள், நூற்றுக்கணக்கான குட்டி இழுப்பறைகள். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சுவிட்ச், வயர்ச்சுருள் என்று பொருள்களின் உள்ளே இருப்பவற்றையே விற்கும் இடம்.

என்னை முதலில் அங்கே அழைத்துச் சென்றவர் அப்பா. தொழிற்சாலையில் பராமரிப்புத் தொழில்நுட்பர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்குப் போவோம். ஓடாத வானொலி ஒன்றைப் பேரம் பேசி வாங்குவார். பிறகு டவருக்கு வந்து அதற்கு வேண்டிய பாகங்களை வாங்குவார். “பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் ஆயிரம் ஓம்மா,” என்று ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளை எண்ணச் சொல்லித் தந்தார். அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அருகிலேயே ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையம் திறந்தது.

பல்கலைக்கழகத்தில் எனக்கு மதிப்பெண் குறைந்ததில்லை. ஆனால் எப்படி வாங்கினேன் என்பது எனக்குத் தெரியும். பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, கேள்வியின் வடிவத்தைப் பார்த்ததுமே விடை எழுதப் பழகியிருந்தேன். “என் மகள் இன்ஜினியர்” என்று அப்பா உறவினர்களிடம் சொல்லும்போதெல்லாம் உள்ளே ஏதோ உறுத்தும்.

இறுதியாண்டுத் திட்டப்பணியில் அது வெளிப்பட்டுவிட்டது. மண் காய்ந்தால் தானாகவே செடிக்குத் தண்ணீர் விடும் கருவி. சின்ன பம்பு, அதை இயக்க ஒரு டிரான்சிஸ்டர், மூளையாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர். பம்பு ஓடும், நிற்கும்போது டிரான்சிஸ்டர் போய்விடும். ஒன்றல்ல, மூன்று போயின. நிரலை மாற்றினேன், வயரை மாற்றினேன். அப்பாவிடம் கேட்கலாம். நான்காம் ஆண்டில் இதைக்கூடக் கேட்பதா என்ற வெட்கம் தடுத்தது.

நான்காவது டிரான்சிஸ்டர் வாங்க டவருக்குப் போனேன். கடைக்காரர் வயதான சீன அங்கிள். “இதே போன வாரமும் வாங்கினாயே, எதை ஓட்டுகிறாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மோட்டார் என்றேன். “டையோடு போட்டாயா?” போடவில்லை. ஒரு வெள்ளிக்கு ஒரு கைப்பிடி டையோடுகளைப் பொட்டலம் கட்டித் தந்தார். ஏன் என்று அவர் விளக்கவில்லை. அடுத்த வாடிக்கையாளர் காத்திருந்தார்.

அந்த ‘ஏன்’தான் நான் உண்மையில் படிக்கத் தொடங்கிய இடம். நேரே தேசிய நூலகத்துக்கு நடந்தேன். முதலாம் ஆண்டில் மனப்பாடம் செய்த சமன்பாட்டை மறுபடி எடுத்தேன். சுருளில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் எழும். அந்தச் சமன்பாட்டில் எத்தனையோ கணக்கு போட்டிருக்கிறேன். மோட்டாருக்குள் இருப்பதும் சுருள்தான் என்று ஒருநாளும் தோன்றவில்லை. வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் அதிர்கிறதல்லவா, அதேபோல்தான். மின்னோட்டம் திடீரென நிற்கும்போது எழும் அழுத்தம் டிரான்சிஸ்டரை உடைக்கிறது. டையோடு அந்த மின்னோட்டத்துக்கு ஒரு சுற்றுவழி தந்து மெல்ல அடங்கவிடுகிறது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். எரிந்தவற்றையும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “இருபது வருஷமா ரிலே மாத்தும்போதெல்லாம் டையோடு போடறேன். போடணும்னு தெரியும். ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது,” என்றார். அவருக்குத் தெரிந்த ‘எப்படி’ எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த சூத்திரம் அவருக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் இரண்டும் சந்திக்க இத்தனை ஆண்டுகள்.

அதன்பின் என் படிப்பு முறை மாறியது. ஒரு குறிப்பேட்டில் புரியாததை மட்டும் எழுதினேன். கருவி பழுதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். ஒரு பாகத்தைப் பொருத்தும் முன் அதன் தரவுத்தாளை வாசித்தேன். புரிந்துவிட்டதா என்று சோதிக்க அப்பாவிடம் விளக்கினேன். அவர் முகம் சுருங்கினால் எனக்கே இன்னும் புரியவில்லை என்று பொருள். தானாகக் கற்பது என்றால் தனியாகக் கற்பது என்று நினைத்திருந்தேன். கேள்வி நம்முடையதாக இருந்தால் போதும். பதில் யாரிடமிருந்தும் வரலாம்.

இம்முறை போனபோது மூடிக்கிடந்த சில கடைகளைப் பார்த்தேன். எல்லாரும் இணையத்தில் வாங்குகிறார்கள், நானும்தான். ஆனால் “எதை ஓட்டுகிறாய்?” என்று இணையக் கடை கேட்டதில்லை. அங்கிள் இருந்தார். தேர்வு முடிந்தது என்றேன். “அப்படியானால் இனிமேல் வரமாட்டாயா?” என்றார். வருவேன் என்றேன்.

அப்பா இப்போது வகுப்புக்குப் போகிறார். 40 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு 2024ல் அரசாங்கம் தந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் மின்னியல் வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். சனிக்கிழமை மாலை குறிப்பேட்டோடு வந்து உட்கார்ந்து, “இது ஏன்மா இப்படி?” என்று கேட்கிறார். சில கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. முன்பெல்லாம் மழுப்பியிருப்பேன். இப்போது, “தெரியலப்பா, வாங்க பார்ப்போம்,” என்கிறேன்.