ஜூன் மாதம் படியளந்த கடைகள்

அன்பு மகள் கவிதாவுக்கு,

பெரியப்பா எழுதுவது.

நம் ஊரில் கதைப் புத்தகம் விற்கும் கடையைக் காணோம், செல்போன்தான் காரணம் என்று போனில் வருத்தப்பட்டாய். செல்போன் வருமுன்பே அந்தக் கடைகள் தளர்ந்துவிட்டனம்மா.

சின்னாளப்பட்டி மாதிரி நெசவாளர் ஊரில் கதைப் புத்தகத்தை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது. படியளந்தது ஜூன் மாதம்தான். 1970இல் அரசின் பாடநூல் நிறுவனம் வந்தது. பள்ளி திறந்ததும் அது வெளியிட்ட அரசுப் பாடநூல், கோனார் உரை, நோட்டு, பழுப்பு அட்டை வாங்கக் கூட்டம் நெரியும். பாக்கியை நெசவுக் கூலி கைக்கு வந்ததும் தீர்ப்பார்கள். அந்த லாபத்தில்தான் வாசல் கயிற்றில் ராணிமுத்துவும் மாலைமதியும் லயன் காமிக்ஸும் கிளிப் மாட்டித் தொங்கின. உள்ளே அலமாரியில் கல்கியும் மு.வ.வும் ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். வாங்கக் காசில்லாத பையன் கயிற்றோரம் நின்றே ஒரு காமிக்ஸை முடித்துவிடுவான், கடைக்காரர் கண்டுகொள்ளமாட்டார்.

பிறகு அரசுப் பள்ளிகளில் பாடநூல் இலவசமாகவே கிடைத்தது. அது நியாயம். தறிக்குழியில் உட்கார்ந்தவர் பிள்ளை கடன்படாமல் படித்ததே! தனியார் பள்ளிகள் பல, புத்தகம் நோட்டு எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி வளாகத்துக்குள்ளேயே விற்றன. அதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜூன் வியாபாரம் போனதும் கடைகள் ஜெராக்ஸுக்கும் பரிசுப் பொருளுக்கும் போட்டித் தேர்வுக் கையேட்டுக்கும் மாறின. கயிறு அவிழ்ந்தது.

மதுரையில் காரணம் வேறு. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், தையல்காரர்களுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே புத்தகக் கடைகளும் இருந்தன. மண்டபத்தைக் காக்கவேண்டும் என்று அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். காக்கவேண்டியதுதான். ஆனால் மீனாட்சியைக் கும்பிட வந்தவர்கள் போகிற போக்கில் புத்தகம் வாங்கிய பழக்கம் அதோடு போயிற்று.

படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று மட்டும் நினைக்காதே. திண்டுக்கல் இலக்கியக் களம் நடத்தும் புத்தகத் திருவிழாவுக்குப் போனால் தெரியும், எத்தனை குடும்பங்கள் பை நிறைய வாங்கிப் போகின்றன என்று. பத்து சதவீதக் கழிவும் உண்டு. ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் ஒரு பிள்ளைக்குப் புத்தகம் தேவைப்பட்டால் எங்கே போகும்?

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீ ஆன்லைனில் அனுப்பும் புத்தகங்களை அடுத்த முறை திண்டுக்கல் கடையில் வாங்கலாம். பட்டியலை மட்டும் அனுப்பு. பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன், அவர்களே எடுத்துப் புரட்டிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா