குடிலைக் கலைத்த பின்

பண்டிகையை வரவேற்கத் தெரிந்த அளவுக்கு அதை வழியனுப்ப நமக்குத் தெரிவதில்லை. நவராத்திரி முடிந்தால் கொலுப் பொம்மைகள் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு பெட்டிக்குள் படுத்துவிடுகின்றன. சதுர்த்தி முடிந்தால் களிமண் பிள்ளையார் குளத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார். கிறிஸ்துமஸ் மரம் மட்டும் எங்கே போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தூத்துக்குடிச் சீமையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து இறங்கிய முத்துக்குளித்துறை இது. நகரின் நடுநாயகமாக நிற்கும் பனிமய மாதா ஆலயம் 1713-இல் எழுந்தது. இந்த ஊரில் பனி என்பது மாதாவின் திருநாமத்தில் மட்டும்தான் உண்டு! பனியே இல்லாத ஊரில் பனிதேசத்து மரத்துக்கு எங்கே போவது? இருக்கவே இருக்கிறது சவுக்கு. ஒரு கிளையை வெட்டி, மண் நிரப்பிய வாளியில் ஊன்றி, பஞ்சைப் பிய்த்துத் தூவி, ஜிகினாவைச் சுற்றினால் கிறிஸ்துமஸ் மரம் தயார்.

சவுக்கு பொல்லாத வேஷக்காரன். பார்வைக்கு ஊசியிலை மரம் போலிருக்கும்; ஆனால் அந்த இனமே அல்ல. நாம் ஊசி இலை என்று நினைப்பது உண்மையில் மெல்லிய குச்சி. அதைக் கணுக் கணுவாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாகத் தெரிகிறதே, அதுதான் இலை! பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் என்ஜின்களுக்கு விறகு வேண்டுமென்று சென்னைக் கடலோரத்தில் இதைத் தோப்புத் தோப்பாக வளர்த்தார்கள். நிலக்கரி வந்த பிறகு அந்த வேலை போயிற்று. அடுப்பு வேலையும் பந்தல் வேலையும் இதற்குப் போகவில்லை.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் போனால் ஆத்தூர். முள்ளக்காடு, பழையகாயல் பக்கமெல்லாம் உப்பளங்கள். மழைக் காலத்தில் அவை வேலை ஓய்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டியதும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வாழையும், அகத்தியைத் தழுவி ஏறும் வெற்றிலைக் கொடியும் வரவேற்கின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை இதுதான்.

கொடிக்கால் ஓரமாக நின்ற பெரியவர் ஒருவரிடம், "ஏன் அண்ணாச்சி, காய்ந்த சவுக்குத் தழையை உரமாகப் போடலாமா?" என்று கேட்டேன்.

"போடலாம் தம்பி, ஆனா நல்லா மக்கியிருக்கணும்லா! அது லேசுல மக்காது. சாணியும் ஈரமும் சேர்ந்தாத்தான் வழிக்கு வரும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. சவுக்குத் தழை உதிர்ந்தால் நெடுநாள் மெத்தை போல் கிடக்கும். பொடிப் பொடியாக நறுக்கிச் சாணக் கரைசல் தெளித்து மூடி வைத்தால்தான் உரமாகும்.

'இவ்வளவு எதற்கு, வாய்க்காலில் போட்டால் தண்ணீர் கொண்டு போகாதா?' என்று சிலர் நினைக்கலாம். ஆத்தூரில் நின்றுகொண்டு அப்படி நினைக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருக்கும்போது, பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறிப் புகுந்ததில் வாழையும் கொடிக்காலும் மூழ்கின. வெள்ளம் வடிய வேண்டிய வழியில் ஒரு கிளை சிக்கினால் போதும். பத்துப் பிளாஸ்டிக் பைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். தப்பிப் போகிற ஜிகினாவோ புன்னைக்காயல் முகத்துவாரம் வழியாக மீன் வளரும் கடலுக்கே போய்ச் சேரும்.

மேல் நாடுகளில் இதற்கென்று ஏற்பாடுகள் உண்டு. நியூயார்க்கில் ஜனவரி மாதத்தில் மரங்களைப் பூங்காக்களில் வாங்கி, இயந்திரத்தில் இட்டுத் தூளாக்கிச் செடிகளின் அடியில் பரப்புகிறார்கள். பெர்லின் மிருகக்காட்சி சாலையில், விற்காமல் மிஞ்சிய மரங்கள் யானைகளுக்கு விருந்தாகின்றன. வீடுகளில் அலங்கரித்த மரம் யானைக்குக் கிடையாது. கம்பியும் ஜிகினாவும் வயிற்றுக்குள் போய்விடுமே! இங்கிலாந்தில் லிதம் செயின்ட் ஆன்ஸ் கடற்கரையில் பழைய மரங்களை வரிசையாக மணலில் புதைக்கிறார்கள். காற்றில் பறக்கும் மணல் கிளைகளில் தங்கி, நாளடைவில் மேடாகிக் கடலைத் தடுக்கிறது.

மணப்பாட்டு மணல் குன்றையும் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செந்தேரியையும் பார்த்தவர்களுக்கு உடனே ஆசை வரும். அவசரம் வேண்டாம். நம் கரையின் மணலைப் பிடித்து வைக்க அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இருக்கின்றன. திட்டமில்லாமல் நாமாகக் கிளைகளைக் கொண்டுபோய்ப் போட்டால் அது குப்பைதான்.

சரி, வீட்டில் என்ன செய்வது? மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 கழிந்ததும் முதலில் மரத்தைத் துகிலுரியுங்கள். விளக்குச் சரம், ஜிகினா, கம்பி, பஞ்சு, ஒட்டுக் காகிதம், எல்லாம் கழன்று வரட்டும். நல்லவற்றை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வையுங்கள். தோட்டக் கழிவைத் தெருவில் எறியவோ கொளுத்தவோ கூடாது, தனியே வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே சொல்லின. ஆகவே கிளையை முழ நீளத்துக்கு நறுக்கிக் கட்டி, தினம் வரும் தூய்மைப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். வெறும் தழை உரமாகும். ஜிகினா கலந்த தழை எதற்கும் ஆகாது. கொல்லை உள்ளவர்கள் பெரியவரின் சாணிப் பக்குவத்தைக் கையாளலாம்.

கிளையே வெட்ட மனமில்லாதவர்கள் நர்சரியில் அரக்கேரியாச் செடியைத் தொட்டியோடு வாங்கி வரலாம். தட்டுத் தட்டாகக் கிளை விட்டு, வருஷா வருஷம் குழந்தைகளோடு அதுவும் வளரும்.

மிச்சமிருப்பது தடித்த குச்சிகள். அவற்றை வெயிலில் காயப் போடுங்கள். பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தானே இருக்கிறது! இந்தப் பக்கத்தில் வாசலில் பனை ஓலை எரித்துப் பொங்கலிடுவது வழக்கம். ஓலை குபீரென்று எரிந்து தணியும். சவுக்குக் குச்சி நின்று எரியும். உங்கள் வீட்டில் பொங்கலிடும் வழக்கம் இல்லையென்றால், பொங்கலிடும் அடுத்த வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிடுங்கள். அன்று மாலைக்குள் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் நிச்சயம் வரும்.