அப்பாவின் பெட்டிகளும் அம்மாவின் கதிரையும்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் நின்றுகொண்டிருக்கின்றன. 1980 ஆம் ஆண்டில் என் மாமா சவூதி அரேபியாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தவை. ஜப்பானியத் தயாரிப்பு. ஒவ்வொன்றிலும் பத்து அங்குலக் கூம்பு ஒன்றும் அதற்கு மேல் சிறியவை இரண்டும் உண்டு. அக்காலத்தில் எங்கள் ஒழுங்கையில் அப்படியான பெட்டிகள் வேறு எவர் வீட்டிலும் இருக்கவில்லை.

இலங்கை வானொலியின் பொற்காலம் அது. கே.எஸ். ராஜாவின் 'திரைவிருந்து' ஒலிக்கும் நேரத்தில் அப்பா வானொலியின் ஒலியை அந்தப் பெட்டிகளுக்குத் திருப்பிவிடுவார். ஒழுங்கையில் போவோர் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் வானொலியில் வருவது மோனோ ஒலி. இரண்டு பெட்டிகளிலும் ஒரே ஒலிதான் கேட்கும். 'பிரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகி 1978 இல் வெளிவந்திருந்தன. மாமா கொடுத்த கசெற்றை அப்பா முதன்முதலாகப் போட்டபோது ஒரு வாத்தியம் இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் ஒலிக்க, அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியுடன் வந்து இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

1983 யூலையில் நாங்கள் உடுத்த உடையோடு வெளியேறினோம். பாடசாலை ஒன்றில் அமைந்திருந்த அகதி முகாமில் சில வாரங்கள் இருந்துவிட்டுத் திரும்பியபோது வீட்டில் கதவுகள் இல்லை. இசைத்தட்டுச் சுழலியும், அம்பிளிபயரும், அப்பா சேர்த்த இசைத்தட்டுகளும் போய்விட்டன. பெட்டிகள் மட்டும் இருந்தன. அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பத்தினர் முதல் நாள் பிற்பகலிலேயே அவற்றைப் பின்சுவரால் தூக்கிக்கொண்டுபோய், தங்கள் குசினியில் அரிசி மூட்டைகளோடு வைத்து, மேலே படங்கு போட்டு மூடியிருந்தனர். ஏன் பெட்டிகளை எடுத்தீர்கள், வேறு பெறுமதியான சாமான்கள் இருந்தனவே என்று அப்பா கேட்டாராம். உங்கள் வீட்டில் எங்களுக்குத் தெரிந்த பொருள் அதுதான், நாங்களும் தினமும் கேட்டதுதானே என்றாராம் அந்த வீட்டு அம்மா.

அப்பா 2009 இல் காலமானார். அதற்குப் பிறகு பெட்டிகள் ஒலிக்கவில்லை. ஒன்றின் மேல் பூச்சாடியும் மற்றதன் மேல் தொலைபேசியும் இருந்தன.

கடந்த ஆண்டு வீட்டில் ஒரு பிரச்சினை முளைத்தது. எண்பத்து மூன்று வயதான அம்மாவுக்குத் தொலைக்காட்சியில் படம் பார்ப்பது ஒன்றே பொழுதுபோக்கு. புதிய தட்டைத் தொலைக்காட்சியில் அவருக்கு உரையாடல் புரியவில்லை. ஒலியைக் கூட்டினால் அயலவர் சுவரில் தட்டுகிறார்கள். குறைத்தால் அம்மா படத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய்விடுகிறார். "தம்பி, சத்தம் பெரிசாத்தான் கேக்குது. என்ன கதைக்கினம் எண்டுதான் விளங்கேல்லை" என்பார். காதுக்கருவி வைக்கச் சம்மதிக்கவுமில்லை.

தட்டைத் தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கிகளுக்கு இடமில்லை. கட்டைவிரல் அளவில் ஒன்றைச் செய்து, அதையும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்திவிடுகிறார்கள். பேச்சு சுவரில் பட்டுத் திரும்பித்தான் நம்மிடம் வருகிறது. வீட்டில் நல்ல பெட்டிகள் இரண்டு சும்மா நிற்கும்போது, அவற்றை வைத்தே ஒரு ஹோம் தியேட்டர் அமைத்தால் என்ன என்று தோன்றியது. அம்மாவுக்காக என்றுதான் தொடங்கினேன். அப்படித்தான் நானே நம்பியிருந்தேன்.

முகப்புத் துணியைக் கழற்றியபோது முதல் அதிர்ச்சி. பெரிய கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. பொலியூரித்தேன் நுரை வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் பதினைந்து இருபது ஆண்டுகளில் இப்படி ஆகிவிடும். துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில் கேட்கவே வேண்டாம். கூம்பும் காந்தமும் கம்பிச்சுருளும் நலமாகவே இருந்தன. தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக வாங்கும்படி இரண்டு கடைகளில் சொன்னார்கள். மூன்றாவதாகப் பார்த்த முதியவர் ஒருவர், பழைய வளையத்தைச் சுரண்டியெடுத்துப் புதியதை ஒட்டித் தந்தார். கூம்பு நடுவிலிருந்து மயிரிழை விலகினாலும் சுருள் காந்தத்தில் உரசும் என்பதால், அவர் ஒட்டிய பிறகு இரண்டு விரல்களால் மெல்ல அழுத்தி அழுத்திக் காதை வைத்துக் கேட்டார். ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று பிரித்தனுப்பும் சுற்றிலிருந்த கெப்பாசிற்றர்கள் காய்ந்திருந்தன. அவற்றையும் மாற்றினார்.

அடுத்து ரிசீவர். இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்கும் 2022 நெருக்கடிக்கும் பின்னர் புதியவற்றின் விலை என் போன்ற பத்திரிகைக்காரனின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஜப்பானில் பாவித்த பொருட்களை விற்கும் கடையொன்றில் ஒரு ரிசீவரைக் கண்டேன். எந்த மின்சாரத்துக்கும் தானாகவே பொருந்திக்கொள்ளும் என்றார் கடைக்காரர். திருப்பிப் பார்த்தால் பின்தகட்டில் 100 வோல்ற் என்றிருந்தது. ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ற், நமது 230. நேரே செருகியிருந்தால் அன்றே புகைந்திருக்கும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. இப்படியான பொருட்களை வாங்குபவர்கள் கடைக்காரரைப் பார்ப்பதற்கு முன் பின்தகட்டைப் பார்ப்பது நல்லது.

பழைய பெட்டிகளை இணைப்பவர்கள் கவனிக்க வேண்டியது அவற்றின் மின்தடை. என் பெட்டிகள் 8 ஓம். பெரும்பாலான ரிசீவர்களுக்கு அதில் சிரமமில்லை. 4 ஓம் பெட்டியானால் ரிசீவர் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளின் இன்னொரு குறையைக் காலமே தீர்த்துவிட்டது. அக்காலக் குழாய்த் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இவற்றை வைத்தால் காந்தத்தால் திரையின் மூலையில் ஊதா நிறம் படரும். அதனால் அப்பா மூன்றடி தள்ளியே வைத்திருந்தார். இப்போதைய திரைகளுக்குக் காந்தத்தால் தீங்கில்லை.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கம்பியும் இணைப்பிகளும் வாங்கிவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை செய்தேன். அப்பாவின் பெட்டிகள் முன்னால் இடமும் வலமும். பழைய இசைச் செற் ஒன்றிலிருந்து கழற்றிய சிறிய பெட்டிகள் இரண்டும் இருக்கைக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி, காதுக்கு மேலான உயரத்தில். தாழொலிக்கென்று தனிப்பெட்டி வாங்கவில்லை. நமது நெருக்கமான வீடுகளில் தாழொலி சுவரைத் துளைத்து அயலவரின் கட்டிலை ஆட்டிவிடும். பத்து அங்குலக் கூம்புகளே போதும் என்று ரிசீவருக்குச் சொல்லிவிட்டேன்.

முதலில் ஒலி உயிரற்றிருந்தது. குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை, தாழொலியும் இல்லை. ஒன்றரை வோல்ற் மின்கலம் ஒன்றை எடுத்துப் பெட்டியின் கம்பிகளில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். நேர்முனையை நேர்முனையில் தொட்டால் கூம்பு முன்னே வர வேண்டும். ஒரு பெட்டியில் வந்தது. மற்றதில் உள்ளே போனது. திருத்தும்போது உள்ளே கம்பி மாறிவிட்டது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மாற்றியதும் அறை நிறைந்தது.

நடுவுக்கான பெட்டியை நான் வைக்கவில்லை. காரணம் உண்டு. 5.1 முறையில் உரையாடல் பெரும்பாலும் நடுப்பெட்டிக்கே போகும். அது இரு பக்கப் பெட்டிகளோடும் ஒத்த குரல் உடையதாக இருக்க வேண்டும். 1980 ஆம் ஆண்டுப் பெட்டிக்கு இணையானதை இன்று எங்கே தேடுவது? நடுப்பெட்டி இல்லை என்று ரிசீவருக்கு அறிவித்தால், அது உரையாடலை இரண்டாகப் பகிர்ந்து இடத்துக்கும் வலத்துக்கும் சமமாக அனுப்பும். நேர்நடுவே அமர்ந்திருப்பவருக்குக் குரல் திரையிலிருந்தே வருவதுபோல் தோன்றும். நான் அமர்ந்து கேட்டேன். அற்புதமாக இருந்தது. அப்பா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவை அழைத்துப் படத்தைப் போட்டேன். அரை மணி நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "வடிவாத்தான் இருக்குது தம்பி. ஆனா கதை விளங்கேல்லை."

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு மாத உழைப்பு. காதுக்கருவி வைக்காதவரை எதுவும் விளங்காது என்று கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி சொல்லாமல் எழுந்து அறைக்குப் போய்விட்டார். அதன்பின் நான்கைந்து நாட்கள் தொலைக்காட்சிப் பக்கமே வரவில்லை.

ஒருநாள் மாலை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவருடைய சாய்மனைக் கதிரையில் அமர்ந்து அதே படத்தைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கதிரை நடுவில் இல்லை. வலப்பக்கம், யன்னலோரம், காற்று வரும் இடத்தில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து கேட்டபோது நடுக்குரல் என்று ஒன்றில்லை. எல்லாப் பேச்சும் வலப்பெட்டிக்குள் புகுந்துகொண்டது. அளந்து பார்த்தேன்: வலப்பெட்டி ஒன்றரை மீற்றர், இடப்பெட்டி மூன்று மீற்றர். ஒலி ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கும். ஒரே சொல் 4 அல்லது 5 மில்லிசெக்கன் இடைவெளியில் இருமுறை வந்து, சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து, எழுத்துகள் மங்கிப்போகின்றன. என் காதுகளுக்கே சிரமமாக இருந்தது.

முதுமையில் முதலில் குறைவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. சொல்லை வேறுபடுத்தும் மெய்யெழுத்துகள் பல உயர்ந்த ஒலிகளில், அதுவும் மெலிதாக இருக்கின்றன. 'பட்டு', 'தட்டு', 'கட்டு' மூன்றும் ஒன்றாகிவிடும். ஒலியைக் கூட்டினால் உயிர்தான் பெருக்கும், மெய் துலங்காது. "சத்தம் கேக்குது, கதை விளங்கேல்லை" என்று அம்மா சொன்னது முறைப்பாடன்று. நடப்பதை அப்படியே சொல்லியிருக்கிறார். நாற்பது ஆண்டுகள் பிறர் சொல்வதைக் கேட்டு எழுதிப் பிழைத்தவன் நான். வீட்டில் சொன்னதைக் கேட்கவில்லை.

அத்தனை வேலையையும் நான் அப்பாவுக்காகச் செய்திருக்கிறேன் என்பது அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் உறைத்தது. அவருடைய பெட்டிகளுக்கு இடையே வேறொரு பெட்டி வருவதை என் மனம் விரும்பவில்லை. கேட்பதற்கு உயிரோடு இருப்பவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் போய் ஒரு நடுப்பெட்டி வாங்கினேன். பாவித்தது, வேறு நிறுவனத்துடையது, நிறமும் பொருந்தவில்லை. தொலைக்காட்சிக்குக் கீழே வைத்து, அம்மாவின் கதிரையை நோக்கிச் சற்றுத் திருப்பினேன். அதன் அளவை மட்டும் 4 டெசிபெல் உயர்த்தினேன். பேரொலிகளை அடக்கி மெல்லொலிகளை உயர்த்தும் இரவு நேர வசதி ரிசீவரில் இருந்தது, அதையும் இயக்கினேன். திரையரங்குகளில் செய்திருப்பதும் இதுதான். அங்கே திரையில் நுண்ணிய துளைகள் இட்டு, நடுப்பெட்டியைத் திரைக்குப் பின்னாலேயே வைத்திருப்பார்கள். எந்த மூலைக் கதிரையில் இருப்பவருக்கும் பேச்சு நடிகரின் வாயிலிருந்தே வரவேண்டும் என்பதற்காக. கலரியில் எந்த ஓரத்தில் இடம் கிடைத்தாலும் எங்களுக்கு வசனம் விளங்கியதே, அதன் இரகசியம் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுச் சிவாஜி கணேசனின் பழைய படமொன்றைப் போட்டேன். முடியும்வரை எழவில்லை. இடையில் இரண்டு முறை வசனத்தை நடிகருக்கு முன்னதாகவே சொன்னார். படம் முடிந்து எழுந்து போகையில், வழக்கம்போல் வலப்பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"இது வேலை செய்யேல்லையோ? அதிர்வையே காணேல்லை. அப்பான்ரை பெட்டி பழுதோ?"

பழுதில்லை. பழைய படங்களில் இருப்பது மோனோ ஒலி. ரிசீவர் அதைச் சூழொலியாக மாற்றும்போது முழுவதையும் நடுப்பெட்டிக்கே அனுப்பிவிடும். படம் முழுவதும் அப்பாவின் பெட்டிகள் மௌனமாகத்தான் நின்றிருக்கின்றன. நான் விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டு நின்றார்.

"அப்ப, படம் முடிஞ்சாப்பிறகு ஒரு பாட்டுப் போடு. அதுகளும் கிடந்து பழுதாப்போகாமல்" என்றார்.

ரிசீவரை ஸ்டீரியோவுக்கு மாற்றி 'பிரியா' பாடல்களைப் போட்டேன். அம்மா கதிரைக்குப் போகவில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே சுவரைப் பிடித்தபடி ஒரு பாட்டு முழுவதும் நின்றார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அதுவே வழக்கமாகிவிட்டது.