கருவிக்கும் ஓர் இடம் வேண்டும்



ஆண்டிதழுக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று இதழாசிரியர் குழுவினர் என்னைக் கேட்டபோது, கல்வியின் சிறப்பையோ காலத்தின் அருமையையோ நான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றித்தான் வாரந்தோறும் சபைகூடலில் பேசிவருகின்றேனே! ஆகவே, இம்முறை என் வீட்டுக் கார்க்கொட்டகையைப் பற்றி எழுதத் துணிந்தேன். நான் செய்த ஒரு பெரும்பிழையும் இதில் அடங்கும். தன் பிழையை ஒப்புக்கொள்ளாத ஆசிரியர் பிறர் பிழையைத் திருத்த முற்படுவது முறையன்று.

என் தந்தையார் செபராங் பிறையில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் தச்சராகப் பணியாற்றினார். ஆலையை ஒட்டி நீண்ட தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதைத்தான் தோட்டத்தார் 'பட்டறை' என்பர். பள்ளி விட்டதும் நான் ஓடி நிற்கும் இடம் அதுவே. அங்குச் சுவரில் ஒரு பெரிய பலகை இருந்தது. உளி, இழைப்புளி, சுத்தியல், கைவாள், அரம், குறடு என ஒவ்வொன்றும் அதில் ஆணியில் தொங்கும். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதே கருவியின் உருவம் கறுப்புச் சாயத்தால் வரையப்பட்டிருக்கும்.

மூன்றாம் வகுப்பில் பயின்ற காலத்தில், "அப்பா, சுத்தியல் எதுவென்று உங்களுக்குத் தெரியாதா? எதற்கு இந்தப் படம்?" என்று ஒரு நாள் கேட்டேன். தந்தையார் சிரித்தார். "தம்பி, இந்தப் படம் சுத்தியல் இருக்கும்போது பார்ப்பதற்கு அன்று, இல்லாதபோது பார்ப்பதற்கு. மாலையில் ஓர் உருவம் வெறுமையாகத் தெரிந்தால், அந்தக் கருவி எங்கேயோ, யாருடைய காலுக்கோ காத்துக் கிடக்கின்றது என்று பொருள். அதைத் தேடி எடுத்து மாட்டாமல் நான் வீட்டுக்கு வரக்கூடாது" என்றார்.

அச்சொற்களைக் கேட்டேன், ஆனால் அவற்றின் பொருள் எனக்கு விளங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் இதே பாடம் வேறு உருவில் வந்தது. கைவினைப் பயிற்சி முடிந்ததும் எங்கள் விரிவுரையாளர் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். ஒரு சிறு திருப்புளி குறைந்தாலும் கதவு திறக்கப்படாது. பசியோடு நின்ற நாங்கள் அவரைக் கஞ்சர் என்று முணுமுணுத்ததுண்டு.

பிறகு மணமாகி, ஜார்ஜ் டவுனில் சுங்கை பினாங்கு ஆற்றுக்கு அண்மையில் ஒரு வரிசை வீட்டில் குடியேறினேன். பினாங்குப் பாலத்தைக் கடந்து தோட்டப் பள்ளிக்குச் சென்று திரும்புவது என் அன்றாட வாழ்க்கையாயிற்று. பள்ளியின் உடைந்த மேசை நாற்காலிகளைச் செப்பனிடும் ஆர்வத்தால் கருவிகளும் வீட்டில் பெருகின. நகர அரங்கிற்கு அருகிலுள்ள லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் வாங்கியவை சில. கடையில் புதிதாக வாங்கியவை சில. துளையிடும் டிரில், மரம் அறுக்கும் மின்வாள், இரும்பு அறுக்கும் கிரைண்டர் ஆகிய மூன்றும் வந்து சேர்ந்தன. (மாவு அரைக்கும் கிரைண்டர் அன்று, அது என் துணைவியாரின் ஆட்சிக்குட்பட்டது.) இவை அனைத்தும் கார்க்கொட்டகையின் தரையில், அட்டைப் பெட்டிகளில் கிடந்தன.

2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தொடங்கிய பெருமழையைப் பினாங்கு மக்கள் மறந்திருக்க இயலாது. பெருங்காற்றில் மரங்கள் சாய்ந்தன; மறுநாள் விடியலில் நகரின் பல பகுதிகள் நீரில் நின்றன. என் வீட்டினுள் முழங்காலளவு சேற்றுநீர். நீர் வடிந்த பின் பார்த்தேன். தந்தையார் விட்டுச்சென்ற உளியும் இழைப்புளியும் சேற்றோடு கிடந்தன. அவற்றைக் கழுவி, துடைத்து, காய வைத்து, எண்ணெய் பூசினேன், பிழைத்துக்கொண்டன. மின்கருவிகளோ பிழைக்கவில்லை. அவற்றின் காற்றுத் துளைகளின் வழியே சேறு உட்புகுந்து, மோட்டாரின் கம்பிச் சுருளிலும் உருளைத் தாங்கிகளிலும் படிந்துவிட்டது. பல மாதச் சேமிப்பு குப்பைக்குப் போயிற்று.

அதன் பின்னரே கருவிகளை முறையாக வைக்கத் தொடங்கினேன். நான் கற்றவற்றைப் பெற்றோர்களின் பயன்கருதிச் சொல்கின்றேன்.

முதலாவது, தரையில் எதுவும் இருத்தலாகாது. சுவரில் துளையிட்டு, முளை அடித்து, தடித்த ஒட்டுப்பலகையைப் பொருத்தினேன். பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓரங்குல இடைவெளி விட்டேன். காற்றோட்டம் இல்லையெனில் சுவரின் ஈரம் பலகையை உளுக்கச் செய்யும். கனமான இயந்திரங்களுக்கு இடுப்பளவு உயரத் தட்டு. இலேசானவற்றுக்கு அதற்கு மேல். கனமானதைத் தலைக்கு மேல் வைத்தால், எடுக்கும்போது அது நம் தலையைத்தான் முதலில் நாடும்.

இரண்டாவது, ஈரம். கடல் சூழ்ந்த நம் தீவில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் மிகுதி. இரும்பும், உயிர்வளியும், நீரும் ஒன்றுகூடினால் துருதான். கைவியர்வையிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பு அதனை விரைவுபடுத்தும். ஆகவே, பயன்படுத்திய கருவியை உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயைச் சிறிது பூசுதல் வேண்டும். புதுக் காலணிப் பெட்டியில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளை எறியாமல் கருவிப் பெட்டியில் போடலாம். கிரைண்டரின் அறுக்கும் வட்டுகளைச் சமமான தட்டில் உலர்வாக வைக்க வேண்டும்; ஈரம் ஏறிய வட்டு வலுவிழந்து, சுழலும்போது உடைந்து சிதறக்கூடும். அவ்வட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தைப் பாருங்கள். பெரும்பாலும் காலாவதியாகும் ஆண்டு அதில் பொறிக்கப்பட்டிருக்கும். மருந்துக்கு மட்டுமே காலாவதி உண்டு என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன்!

மூன்றாவது, மின்கம்பி. கருவியைச் சுற்றி இறுக்கிக் கட்டினால், கம்பி கருவிக்குள் நுழையும் இடத்தில் நாளடைவில் உள்ளே முறியும். கயிற்றைச் சுருட்டுவதுபோல் தளர்வாக வளையமிட்டுத் தொங்கவிடுதல் நன்று.

நான்காவது, மின்கலம். இன்று பல கருவிகள் கம்பியின்றி, லித்தியம் அயனி மின்கலத்தால் இயங்குகின்றன. இவ்வகை மின்கலம் 1991ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. வெப்பம் இதற்குப் பகை. வெயில் காயும் தகரக் கூரையின் கீழ் இதை வைத்தல் கூடாது. நெடுநாள் பயன்படுத்தாதபோது, கருவியிலிருந்து கழற்றி, ஏறத்தாழப் பாதியளவு மின்னேற்றத்தோடு வீட்டினுள் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஆணிகளோடு ஒரே பெட்டியில் போடக்கூடாது. ஆணி அதன் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் தீப்பற்றவும் கூடும். எல்லாரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்றம் செய்வதையும் தவிர்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்தபோது என் கார்க்கொட்டகை கண்காட்சிபோல் காட்சியளித்தது. வந்தவர் அனைவரும் பாராட்டினர். நானும் பெருமிதம் கொண்டேன். அந்தப் பெருமிதமே என் கண்ணை மறைத்தது.

ஒரு பள்ளி விடுமுறையில் என் அக்காள் பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு மாணவி. அன்று காலை நான் ஓர் இரும்புச் சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தொலைபேசி மணி ஒலித்தது. அவசரத்தில் கிரைண்டரின் விசையை அணைக்காமல், சுவரிலிருந்த விசையை மட்டும் அணைத்தேன். சுழற்சி நின்றதும் அதை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே சென்றேன்.

சிறிது நேரத்தில் ஒரு பேரோசை. அதைத் தொடர்ந்து குழந்தையின் அலறல். காற்றாடியைப் போட எண்ணிய அக்குழந்தை, அருகிலிருந்த சுவர் விசையைத் தட்டியிருக்கின்றாள். நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுழலும் அந்த இயந்திரம் மேசையிலிருந்து துள்ளி விழுந்து, பூந்தொட்டி ஒன்றை உடைத்துவிட்டுத் தரையில் சீறிக்கொண்டிருந்தது. ஓடிச்சென்று விசையை அணைத்தேன். தொட்டிக்கும் அவள் பாதத்திற்கும் இடையே இரண்டு அடிகூட இல்லை.

குழந்தைக்குக் கீறலும் இல்லை. "தாத்தா, நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்று அழுதாள். என் வாழ்நாளில் எந்தச் சொல்லும் என்னை அவ்வளவு நாணச் செய்ததில்லை. பிழை செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டவள் அவள். "அம்மா, தவறு உன்னுடையது அன்று, தாத்தாவுடையது" என்று அவளை வாரி எடுத்துக்கொண்டேன். அன்று மாலை அக்காளிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அக்காள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா பட்டறையில் நீயும்தானே ஓடித் திரிந்தாய்! உனக்கு ஒரு காயம் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கைத்துப்பாக்கி போன்ற பிடியும், விரலால் அழுத்தும் விசையும் கொண்ட டிரில்லுக்கு அமெரிக்காவில் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனத்தார் 1917ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றனர். அத்தகைய விசையைப் பூட்டி வைக்காதவரை, விரலை எடுத்ததும் இயந்திரம் நின்றுவிடும். என் கிரைண்டரின் விசையோ தள்ளிவிட்டால் தள்ளிய இடத்திலேயே நிற்கும் வகை. மின்சாரம் போனாலும் அது 'ஓடு' என்ற நிலையிலேயே காத்திருக்கும். யாருடைய கைக்கோ காத்திருக்கும்! தந்தையார் சொன்ன சொல் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் செய்திருந்தது அழகுபடுத்தல். அவர் செய்தது காவல். அவருடைய பலகை அவருக்காக வரையப்பட்டதன்று. அடுத்து அவ்வழியே நடந்து வரப்போகும் காலுக்காக வரையப்பட்டது.

அதன் பின் என் வழக்கம் மாறிற்று. அரை நிமிடம் நகர்ந்தாலும் கருவியின் விசையை அணைக்கின்றேன், செருகியைப் பிடுங்குகின்றேன். மின்வாளும் கிரைண்டரும் பூட்டிய அலமாரியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. மின்கசிவுத் தடுப்புக் கருவியின் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்கின்றேன். நம் பள்ளிக் கருவி அலமாரியிலும் இப்போது ஒரு பட்டியல் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். கூட்டுப்பணி நாளில் பெற்றோர்கள் கருவி வாங்கும்போது எண்ணித் தருவதும், மாலையில் எண்ணிப் பெறுவதும் ஐயத்தினால் அன்று. என் விரிவுரையாளர் கஞ்சர் அல்லர் என்பதை நான் காலந்தாழ்த்தி உணர்ந்ததே காரணம்.

அவ்வாண்டு ஆயுத பூசைக்கு அக்காள் குடும்பத்தினர் வருவார்களோ மாட்டார்களோ என்று ஐயுற்றிருந்தேன். வந்தார்கள். தந்தையாரின் உளிக்கும் புதிய டிரில்லுக்கும் ஒன்றாகச் சந்தனமும் குங்குமமும் இட்டோம். பூசை முடிந்த மறுநாள், கறுப்பு எழுதுகோலைப் பேத்தியின் கையில் கொடுத்தேன். பலகையில் நான் ஒவ்வொரு கருவியாகப் பிடித்துக்கொள்ள, அவள் அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்தாள். கோடுகள் சற்றுக் கோணல்தான். என் தந்தையாரின் கோடுகளைப்போல் நேராக இல்லை. ஆயினும் அவற்றைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

சென்ற மாதம் வந்திருந்தபோது, வாயிலில் காலணியைக் கழற்றும் முன்பே அவள் பலகையை நோக்கினாள். "தாத்தா, குறடு எங்கே?" என்றாள். தோட்டத்துப் பக்கம் வேலியோரம் விட்டிருந்தேன். எடுத்து வந்து மாட்டிய பிறகே எனக்குத் தேநீர் கிடைத்தது.

மாணவச் செல்வங்களே! கத்தரிக்கோலோ, அம்மாவின் அரிவாள்மனையோ, அப்பாவின் டிரில்லோ, எதற்கும் உங்கள் வீட்டில் ஓர் இடம் இருக்கட்டும். மின்கருவியைப் பெரியவர் துணையின்றித் தொடாதீர்கள். ஆனால் அதன் இடம் வெறுமையாக இருந்தால், அஞ்சாமல் கேளுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகள் அவ்வாறு கேட்டால் சினங்கொள்ளாதீர்கள். எழுந்து சென்று, அந்தக் கருவியைத் தேடி எடுத்து அதன் இடத்தில் மாட்டுங்கள்.