கடகடவென்று படித்தாள்!

அன்றைக்கு நான் போனது உறை மோர் வாங்க. எங்கள் தெருவில் நாலாவது வீட்டுப் பாட்டியின் மோரில் உறை குத்தினால்தான் என் கணவருக்குத் தயிர் தயிராக இருக்கும். 2022 டிசம்பர் மாதம், விடாத மழை. பாட்டியின் இரண்டு வயதுப் பேரனுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. குழந்தை வாடிய கீரைத்தண்டு மாதிரி தூளியில் கிடந்தது. தாய்க்காரி வேலைக்குப் போயிருந்தாள். கிராம நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, உப்பு சர்க்கரைப் பொட்டலம் இரண்டு கொடுத்திருந்தார். பாட்டிக்குக் காது மந்தம் என்பதால் ஒரு தாளில் விவரமாக எழுதியும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பாட்டி அந்தத் தாளைப் பேத்தியிடம் நீட்டினாள். பேத்தி நாலாம் வகுப்பு. வாங்கினாள், படித்தாள். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்கவும், 24 மணி நேரத்துக்குள் உபயோகிக்கவும், ஒவ்வொரு முறை பேதியான பின்பும் சிறிது சிறிதாகப் புகட்டவும் என்று ஓர் எழுத்துப் பிசகவில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி கடகடவென்று! எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏனென்றால் அவளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

படித்து முடித்தவள் அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? ஓர் எவர்சில்வர் தம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். பொட்டலத்தைப் பல்லால் கிழித்து முழுவதையும் அதில் கொட்டினாள். கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டுத் தூளியை நோக்கி நடந்தாள்.

"ஏய் ஏய், நில்லுடி!" என்று கத்திக்கொண்டே தம்ளரைப் பிடுங்கினேன். என் கை நடுங்கியது எனக்கே தெரிந்தது.

சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டரில் கரைக்க வேண்டியதை ஒரு தம்ளரில் கரைத்தால் அது ஐந்து பங்கு கெட்டியாகிவிடும். ஏற்கெனவே நீர் வற்றிப்போன குழந்தைக்கு அதைப் புகட்டினால் ரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்பு வரை கொண்டு போய்விடும். உயிர் காக்கிற மருந்தே உயிருக்கு உலையாகிவிடும். நான் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, லிட்டர் கணக்கில் அளந்து, இரண்டாவது பொட்டலத்தைக் கரைத்து ஸ்பூனால் புகட்டினேன். இரண்டு நாளில் குழந்தை எழுந்து விளையாட ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

"ஏண்டி, ஒரு லிட்டர்னு படிச்சியே, தம்ளர்ல கலக்கினியே?" என்று கேட்டதற்கு அந்தப் பெண் முழித்தாள். "லிட்டர்னா எவ்வளவு?" என்றேன். "ஆயிரம் மில்லி லிட்டர் மிஸ்!" பதில் டாண் என்று வந்தது. "ஆறிய நீர்னா?" சற்று யோசித்து, "ஆத்துத் தண்ணியா மிஸ்?" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நான் ஒன்றும் பெரிய படிப்பு படித்தவள் அல்ல. பிளஸ் டூவோடு நின்றவள். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. இடையில் பிள்ளைகள் அ, ஆவன்னாவைக்கூட மறந்துபோனார்கள். அந்தச் சமயத்தில் அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆரம்பித்து, சாயங்காலம் சொல்லிக் கொடுக்கத் தன்னார்வலர்களைக் கூப்பிட்டது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ படித்திருந்தால் போதும், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் என் கணவர். என் மகன் ஹாஸ்டலுக்குப் போன பிறகு சாயங்காலங்களில் வீடு வெறிச்சோடிக் கிடந்தது அவருக்கெங்கே தெரியும்!

எங்கள் திண்ணையில் பதினேழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, ஐந்து விரலும் ஐந்து விதம். ஒன்று செய்தித்தாளே படிக்கும், ஒன்றுக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பதே தெரியாது. 2022-ல் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தார்கள். நல்ல ஏற்பாடு, பெயரும் அழகு. நானும் அதைப் பார்த்து என் திண்ணையை மூன்றாகப் பிரித்தேன். எழுத்து தெரியாதவர்கள் ஓர் ஓரம், எழுத்துக் கூட்டுகிறவர்கள் நடுவில், சரளமாக வாசிக்கிறவர்கள் என் பக்கத்தில். அதில் முதல் இடம் நம் தம்ளர்க்காரிக்கு.

தப்பு எங்கே நடந்தது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். நான் பாடம் நடத்துகிற விதம்தான் கண்ணெதிரே வந்தது. கதையை வாசிக்கச் சொல்வேன். பிறகு, "சந்தைக்குப் போனது யார்?", "அவர் என்ன வாங்கினார்?" என்று கேட்பேன். பிள்ளைகள் அதே வரியைத் தேடிப் பிடித்து ஒப்பிப்பார்கள். நான் 'வெரி குட்' சொல்வேன். நான் படித்த காலத்தில் எனக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஒரு வேடிக்கை செய்து பார்த்தேன். கரும்பலகையில் அர்த்தமே இல்லாத ஒரு வரியை எழுதினேன். 'பொக்கான் சிலுக்கையைத் தம்பினான்.' வாசித்தார்கள். "சிலுக்கையைத் தம்பியது யார்?" என்று கேட்டேன். "பொக்கான்!" என்று கூட்டமாகச் சத்தம். "பொக்கான் எதைத் தம்பினான்?" "சிலுக்கையை!" நூற்றுக்கு நூறு! ஒரு பிள்ளையாவது 'சிலுக்கைன்னா என்ன மிஸ்?' என்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு வருஷமாக இப்படிப்பட்ட நூற்றுக்கு நூறுகளைத்தான் நான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதுதான் இன்னொரு பிள்ளையின் ஞாபகம் வந்தது. பால்காரர் மகன், ஐந்தாம் வகுப்பு. எழுத்தே சரியாகக் கூடவில்லை என்று அவனை ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகளோடு உட்கார வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டான். அவன் அம்மா, "சின்னப் பிள்ளைங்களோட உட்கார வைக்கிறாங்கன்னு அழுவுறான் அக்கா" என்று சொன்னபோது, "படிக்கலைன்னா அப்படித்தான்" என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. மழையிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். "நாளையிலேருந்து நீ பெரிய பசங்களோடதான் உட்காரணும், வாடா கண்ணா" என்றேன். உடனே வரவில்லை. நாலு நாள் கழித்துத்தான் வந்தான், அதுவும் தூண் மறைவில் உட்கார்ந்தான்.

அன்றைக்கு நர்ஸ் எழுதிக் கொடுத்த அதே தாளைத்தான் பாடமாக வைத்தேன். இந்தத் தடவை பிள்ளைகளை வாசிக்கச் சொல்லவில்லை, நானே நிதானமாக வாசித்தேன். "ஆறிய நீர்னா என்ன?" என்று கேட்டேன். நன்றாக வாசிக்கிற கூட்டம் கப்சிப். தூணுக்குப் பின்னாலிருந்து, "எங்கம்மா காப்பி ஆத்துவாங்கல்ல, அப்படி சூடு போன தண்ணி" என்று ஒரு குரல். "லிட்டருக்கு எவ்வளவுடா?" என்றேன். உள்ளே ஓடிப்போய், என் சமையலறையைத் துழாவி, பால் வாங்குகிற சொம்பைக் கொண்டு வந்து வைத்தான். "இது முக்கால்தான் மிஸ். கழுத்து வரைக்கும் ஊத்தி, இன்னும் ஒரு காப்பி தம்ளர் ஊத்தணும்." தினம் விடியற்காலையில் அப்பாவோடு வீடு வீடாகப் பால் அளக்கிறவன் அல்லவா! அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது.

அவன் ஏன் வாசிக்கத் தடுமாறுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. நம் தமிழில் 'தேன்' என்று எழுதினால் கண்ணில் முதலில் படுவது இரட்டைக் கொம்பு, ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது 'த்'. 'கொ' என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால். பழகிய நமக்கு இது தெரிவதில்லை. புதிதாகக் கூட்டுகிற பிள்ளை ஒவ்வொரு எழுத்திலும் இப்படி முன்னும் பின்னும் போய் வந்து, வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துபோகிறது. நாரைத் திரித்து முடிப்பதற்குள் பூ வாடிப்போகிற கதைதான். இதற்கும் புத்திக்கும் சம்பந்தமே இல்லை. நானோ எழுத்தில் பிந்தியவனைப் புரிந்துகொள்வதிலும் பிந்தியவன் என்று முத்திரை குத்தி ஓரம் கட்டிவிட்டேன். எழுத்துக்கு மூன்று கூட்டமாகப் பிரித்தது சரி, கதைக்கும் அதே மாதிரி பிரித்ததுதான் நான் செய்த பிசகு.

அதன் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். எழுத்துப் பாடம் அவரவர் நிலைக்குத் தக்கபடி தனித்தனியாக. பால்காரர் மகனுக்கு மற்றவர்கள் வருவதற்குக் கால் மணி முன்னால், யாரும் பார்க்காதபோது, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொம்பும் காலும். கதை மட்டும் பதினேழு பேருக்கும் ஒன்றாக, வட்டமாக உட்கார வைத்து.

முதலில் கதையை நான் பேச்சு வழக்கிலேயே சொல்லிவிடுவேன். இது எனக்குத் தாமதமாக உறைத்த விஷயம். பிள்ளை வீட்டில் 'தண்ணி' என்கிறது, புத்தகம் 'நீர்' என்கிறது. வீட்டில் 'சாப்ட்டான்', புத்தகத்தில் 'உண்டான்'. வீட்டில் 'பக்கத்துல', புத்தகத்தில் 'அருகில்'. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் புரியாதா என்று நினைப்போம், ஆனால் புத்தகத் தமிழ் பாதி அவர்களுக்கு விருந்தாளிதான். காதுக்குக் கதை தெரிந்த பிறகு கண்ணுக்குப் புத்தகத்தைக் காட்டினால் பிள்ளைகள் மிரளுவதில்லை.

பாதியில் நிறுத்தி, "இனிமே என்ன ஆகும்?" என்று கேட்பேன். ஆளுக்கொன்று சொல்லும். வாண்டுகள் கதையில் வந்ததைப் படமாகப் போடுவார்கள். ஒருத்தி 'நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது' என்பதற்கு நரியைக் கிணற்றுக்குள்ளேயே போட்டுவிட்டாள்! புரிந்ததா இல்லையா என்று அந்தப் படமே சொல்லிவிட்டது, பரீட்சை எதற்கு? பெரியவர்களுக்கு 'ஏன்' என்கிற கேள்வி. சில நாள் நான் கேள்வியே கேட்க மாட்டேன், அவர்கள்தான் என்னைக் கேட்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் திண்டாட்டம்தான்.

கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கடைப் பலகை, மாத்திரை அட்டை எல்லாம் எங்களுக்குப் பாடம் ஆயிற்று. ஒரு நாள் பானகம் செய்முறையை எழுதிப் போட்டு, இரண்டு இரண்டு பேராகச் செய்யச் சொன்னேன். தம்ளர்க்காரியையும் பால்காரர் மகனையும் ஜோடி சேர்த்தேன். அவள் வாசிக்க, அவன் செய்ய வேண்டும். அவள் அவனை வாயைத் திறக்கவிடாமல் தாளை மறைத்துக்கொண்டு உத்தரவு போட, அவன் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டான். இருவரும் ஒரு வாரம் பேசவில்லை. ஜோடி சேர்த்தால் தானாகக் கூடிப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்! பிறகு 'அவன் கேள்வி கேட்கணும், அவ பதில் சொல்லணும்' என்று மாற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது. அவன் விடாக்கண்டன், "சுக்கைத் தட்டின்னு போட்டிருக்கே, எவ்வளவு நேரம் தட்டணும்? பொடியாவா, ஒண்ணிரண்டாவா?" என்று குடைவான். அவள் தாளுக்குத் திரும்பிப் போய் இரண்டாம் தடவை படிக்க வேண்டியதாயிற்று. அவள் எதையும் இரண்டாம் தடவை படித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எதற்குமே அசையவில்லை. பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் அவளுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. கரும்பலகையில் இருந்ததே அவளுக்குப் புகைமூட்டமாகத்தான் தெரிந்திருக்கிறது. நான் 'கவனம் இல்லை' என்று குட்டிய குட்டுகளை இப்போது எப்படித் திருப்பி எடுப்பது? பால்காரர் மகன் இப்போதும் சரளமாக வாசிக்க மாட்டான். நீளமான வார்த்தை வந்தால் நெற்றி சுருங்கும். ஆனால் வாசித்த வரைக்கும் அவனைக் கேளுங்கள், புட்டுப் புட்டு வைப்பான்.

மையம் முடிந்த பிறகும் ஏழெட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் திண்ணைக்கு வருகிறார்கள். போன வாரம் உறை மோருக்குப் போனேன். பாட்டி மோரை ஊற்றவே இல்லை, முதலில் புகாரைத்தான் ஊற்றினாள்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு முன்னல்லாம் எதைக் குடுத்தாலும் கடகடன்னு படிச்சிடுவா. நேத்திக்கு என் மாத்திரைச் சீட்டைக் குடுத்தா, ஒரு வரி படிக்கிறா, நிறுத்துறா. சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயாங்கிறா. ரெண்டு வேளைன்னா எந்த ரெண்டு வேளைங்கிறா. டாக்டருக்குப் போன் போட்டுக் கேளு பாட்டிங்கிறா. கால் மணி நேரம் ஆவுது ஒரு சீட்டுக்கு. நல்லாப் படிச்சிட்டிருந்த பொண்ணை என்னம்மா பண்ணினே நீ?"

நான் பதில் சொல்லவில்லை. கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அந்தப் பெண், "பாட்டி, மிஸ்ஸுக்கு முதல்ல மோரை ஊத்து!" என்றாள்.