உலர்ந்த கனியும் ஒளித்த நோயும்

மக்கள் தம் தலைநோயைத் தெருவில் நின்றும் உரைப்பர். பல்நோயைப் பந்தியில் இருந்தும் உரைப்பர். மலச்சிக்கல் ஒன்றனை மட்டும் பெற்ற மக்கட்கும் மறைப்பர். பிறர் நகைப்பிற்கு இடமாகிய நோய், உடையார்க்கு நாணம் தருதல் இயல்பே. அந்நாணம் நோயாளரை மட்டுமன்றி, அந்நோய் தீர்க்கும் கனி ஒன்றனையும் பற்றிய செய்தியை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அக்கனி, ஆங்கிலர் 'புரூன்' என வழங்கும் உலர்ந்த பிளம் பழமாகும். கரிய நிறமும் சுருங்கிய தோலும் உடைமையின், கண்டார் விரும்பும் தோற்றம் அதற்கு இல்லை. பிரான்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள அஜென் என்னும் ஊர் இதனாற் பெயர் பெற்றது. அந்நாட்டினின்று பெல்லியே என்னும் உடன்பிறந்தார் 1856 இல் கொணர்ந்த கொம்புகளால் கலிபோர்னியாவில் இம்மரம் பரவிற்று. நம் நாட்டு மருந்துக் கடைகளில் 'ஆல்பக்கோடா' என விற்கப்படும் புளிப்புக் கனியும் இதன் இனமே. 'ஆலு' என்பது பாரசீக மொழியில் பிளம் பழத்தின் பெயர். 'புகாரா' என்பது நடு ஆசியாவிலுள்ள ஒரு நகரம். புகாரா நகரத்துப் பிளம் நம் கடைத்தெருவில் ஆல்பக்கோடாவாய்த் திரிந்த அழகு, தமிழ் பயில்வார்க்கு ஒரு சிறு விருந்தன்றோ!

இனி, அமெரிக்காவில் இக்கனியின் பெயரைக் கேட்டதும் முதியோரும் மலச்சிக்கலுமே பலர்க்கும் நினைவில் எழுந்தமையின், அதனை விற்பார் நாணினர். 2000 ஆம் ஆண்டில் அரசின் இசைவு பெற்று, 'உலர்ந்த பிளம்' எனப் புதுப்பெயர் சூட்டினர். பின்னர் அவர்களே பழைய பெயரை மீண்டும் மேற்கொண்டனர். கனியின் நாணம் இங்ஙனம் நகைப்பாய் முடிந்தது. மனிதர் நாணம் எப்போதும் அங்ஙனம் முடிவதில்லை.

எம் பாட்டியார் ஈராண்டுக் காலம் உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தனர். முதுமையின் இயல்பென்றே வீட்டார் அனைவரும் கருதினர். உண்டால் வருந்த நேருமே என அஞ்சியே அவர் உண்ணாதிருந்தனர் என்பதை எவரும் அறிந்திலர். உடல் மெலிந்து மருத்துவமனை சேர்ந்த பின்னரே, முன்பின் அறியாத செவிலி ஒருத்தியிடம் வாய் திறந்தனர். இரத்தக் குறைவிற்கென உட்கொண்ட இரும்பு மாத்திரையும் மலத்தை இறுக்கியது என மருத்துவர் தெளிவித்து, மாத்திரையை மாற்றினர். நீரும் நடையும் மிகுக்கச் சொல்லினர். இக்கனியையும் உண்ணச் செய்தனர். நாள்தோறும் இரவில் ஐந்து கனிகளை நீரில் ஊறவைத்துக் காலையில் கொடுத்து வந்தோம். ஒரு திங்களுள் பாட்டியார் தாமே இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டதைக் கண்டு மகிழ்ந்தோம்.

இக்கனி செயற்படும் முறையில் மந்திரம் ஏதுமில்லை. நூறு கிராம் கனியில் ஏறத்தாழ 7 கிராம் நார்ச்சத்து உண்டு. அதனினும் மிகுதியாகச் 'சார்பிட்டால்' என்னும் இனிப்புப் பொருளும் உண்டு. சிறுகுடல் முற்றும் ஈர்த்துக்கொள்ளாத சார்பிட்டால் பெருங்குடலை அடைந்து, ஆங்கு நீரைத் தன்பால் இழுத்து மலத்தை இளக்குகின்றது. அயோவா பல்கலைக்கழகத்தார் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், மலச்சிக்கல் உடையார் நாற்பதின்மர் மூன்று வாரம் இக்கனியையும் மூன்று வாரம் இசப்கோல் வகை உமியையும் உண்டனர். இரண்டிலும் நாரின் அளவு ஒன்றேயாயினும், கனியே மிகுந்த பயன் தந்தது. 2013 இல் ஐரோப்பிய ஒன்றியமும், நாளொன்றுக்கு 100 கிராம் உண்பின் குடலின் இயல்பான தொழிலுக்கு இது துணையாகும் என விளம்பரம் செய்ய இசைந்தது.

எலும்பிற்கும் இக்கனி உதவும் என்பர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2022 இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற மகளிருள், ஓராண்டு நாளும் 50 கிராம், அதாவது ஐந்தாறு கனிகள், உண்டார்க்கு இடுப்பெலும்பின் திண்மை குறையாது நின்றது, உண்ணாதார்க்குக் குறைந்தது. எனினும் இஃது இழப்பைத் தடுக்கும் துணையேயன்றி முறிந்த எலும்பைக் கூட்டும் மருந்தன்று.

மருந்தென்னும் அதிகாரத்துள் வள்ளுவர் அளவறிந்து உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்தினார். அவ்வறிவுரை இக்கனிக்கும் பொருந்தும். அளவு மிகின் வயிறு உப்பும், கழிச்சலும் உண்டாம். நூறு கிராமில் 38 கிராம் அளவு சர்க்கரை இருத்தலின் நீரிழிவுடையாரும், பொட்டாசியம் மிகுந்திருத்தலின் சிறுநீரக நோயுடையாரும், இரத்தம் உறையாமைக்கு 'வார்பரின்' உண்பாரும் மருத்துவரைக் கேட்டே உண்ணுதல் வேண்டும். மலத்தோடு குருதி காணினும், காரணமின்றி உடல் மெலியினும் கனியை நாடாது மருத்துவரை நாடுக. விலை மிகுதியென வருந்துவார், கொய்யா, கீரை, பயறு, முழுத் தானியம் ஆகியவற்றாலும் நார்ச்சத்தைப் பெறலாம்.

நண்பர்காள்! விடுமுறைக்கு வீடு செல்லுங்கால் ஒரு பொட்டலம் கனி வாங்கிச் செல்லுதல் நன்றே. அதனினும் நன்று, முதியோர் அருகிருந்து, "தாங்கள் ஏன் குறைவாக உண்கின்றீர்?" என மெல்லக் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருத்தல். கனி குடலின் சிக்கலைத் தீர்க்கும். நாவின் சிக்கலைத் தீர்க்க நாம் கேட்கும் அச்சொல்லே வேண்டும்.